எத்தனை கிலோமீட்டர் என்பது தவறான கேள்வி

2019 பிப்ரவரி 27 அன்று காலை காஷ்மீர் எல்லைக்கு மேலே பாகிஸ்தானோடு நடந்த வான்மோதலில் மிக்-21 பைசன் விமானத்தை ஓட்டிச் சென்றவர் விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான். அவருடைய பூர்வீகம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் திருப்பணமூர். அவர் பிடிபட்டதும், மார்ச் 1 இரவு வாகா எல்லை வழியாகத் திரும்பி வந்ததும், பின்னர் வீர் சக்ரா விருது பெற்றதும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலை பற்றிய வேறொரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. திரும்பிவிடும்படி தரைக் கட்டுப்பாட்டு அறை விடுத்த உத்தரவு, எதிர்த்தரப்பு உண்டாக்கிய வானொலி இடையூறால் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. எதிரே இருந்த எஃப்-16 விமானங்கள் ஆம்ராம் ஏவுகணைகளைத் தொலைவிலிருந்தே ஏவின. அவற்றில் ஒன்றின் உடைந்த பாகத்தை மறுநாள் தில்லியில் முப்படை அதிகாரிகள் செய்தியாளர்கள் முன்னால் வைத்தார்கள். ஒரு தரப்பு வெகுதூரத்திலிருந்து பார்த்துச் சுட்டது. மறு தரப்பில், தரையிலிருந்த ரேடார் பார்த்த விஷயம் வானில் இருந்த விமானிக்குப் போகவில்லை. போர் விமான ரேடார்களை ஒப்பிட வருகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் நம் ஒப்பீடுகள் அங்கே தொடங்குவதில்லை. 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் சண்டைக்குப் பிறகு தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் சுற்றிவந்த அட்டவணைகளை நினைத்துப் பாருங்கள். ராஃபேலின் ரேடார் இத்தனை கிலோமீட்டர், ஜே-10சி ரேடார் இத்தனை, சுகோய் இத்தனை என்று வரிசையாக எண்கள். பெரிய எண் உள்ளவர் வென்றவர். இந்த எண்கள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்கிறேன். ரேடார் பலத்தை அளக்க மூன்று கேள்விகள் போதும். அந்த ரேடாரின் மூளையாக இருக்கும் மென்பொருளை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அது பார்ப்பதை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள முடிகிறதா? அதன் உள்ளே இருக்கும் சில்லுக்கான மூலப்பொருள் யார் கையில்? இந்த மூன்றிலும் தன் காலில் நிற்கும் நாட்டோடு, வெறும் கிலோமீட்டரில் முந்தி நிற்கும் நாடு நெடுநாள் போட்டி போட முடியாது.

முதலில் கிலோமீட்டரைப் பார்ப்போம். ரேடார் அனுப்பும் அலை இலக்கை நோக்கிப் போகும்போதே விரிந்து பலமிழக்கிறது. இலக்கில் பட்டுத் தெறித்துத் திரும்பும் வழியில் மறுபடியும் பலமிழக்கிறது. இந்த இரட்டை இழப்பால், திரும்பி வரும் எதிரொலி தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்கிறது. பார்க்கும் தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் 16 மடங்கு ஆற்றல் வேண்டும். இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். ஒரு விமானத்தின் வடிவத்தையும் பூச்சையும் மாற்றி, அது திருப்பி அனுப்பும் அலையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால், 400 கிலோமீட்டரில் தென்பட வேண்டியது 40 கிலோமீட்டரில்தான் தென்படும். ஆகவே ‘இந்த ரேடார் 400 கிலோமீட்டர் பார்க்கும்’ என்று சொல்பவரிடம், எதைப் பார்க்கும் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பயணிகள் விமானத்தையா, குண்டு சுமந்து வரும் போர் விமானத்தையா, ரேடாருக்குத் தப்பும்படி வடிவமைக்கப்பட்டதையா? நேரெதிரே வருவதையா, தரையை ஒட்டிப் பறப்பதையா? விளம்பரத் தாளில் இதற்குப் பதில் இருக்காது. இன்னொன்றும் உண்டு. எதிரொலி திரும்பி வருவதற்குள் தேய்ந்துவிடும். ஆனால் எதிரியின் எச்சரிக்கைக் கருவி கேட்பது ஒருவழியாகப் போகும் அலையை. அதனால் ரேடாரை முழு ஆற்றலில் இயக்குபவர், தான் எதிரியைப் பார்ப்பதற்கு வெகுமுன்பே தன் இருப்பிடத்தை எதிரிக்குச் சொல்லிவிடுகிறார்.

ரேடாரின் தொழில்நுட்ப வரலாறும் தூரத்தை மட்டும் துரத்தியதல்ல. முதல் தலைமுறையில் விமானத்தின் மூக்குக்குள் ஒரு தட்டு இடம் வலமாக, மேலும் கீழுமாக அசைந்து வானைத் துழாவும். அடுத்ததாக, தட்டு அசையாமல் மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் வகை வந்தது. 1981-ல் படையில் சேர்ந்த சோவியத் மிக்-31 விமானத்தின் ஸாஸ்லோன் ரேடார் போர் விமானங்களில் இதற்கு முன்னோடி. அதில் ஆற்றலுக்கு மூலம் ஒன்றுதான். அது பழுதானால் ரேடார் முழுவதும் குருடு. மூன்றாவது வகையைச் சுருக்கமாக ஏசா என்கிறார்கள். நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அலகுகள். ஒவ்வொன்றும் தானே அலையை அனுப்பி, தானே வாங்கும். சில பழுதானாலும் வேலை நிற்காது. நொடிக்குள் பலமுறை அலைவரிசையை மாற்றலாம். அதனால் இடையூறு செய்வதும் ஒட்டுக்கேட்பதும் கடினம். ஒரே நேரத்தில் வானையும் தரையையும் பார்க்கலாம். படையில் சேர்ந்த போர் விமானம் ஒன்றில் இந்த வகையை முதலில் பொருத்தியது ஜப்பான், தன் எஃப்-2 விமானத்தில். ஏறத்தாழ அதே காலத்தில், 2000-ல், அமெரிக்கா அலாஸ்காவில் இருந்த சில எஃப்-15 விமானங்களுக்குப் பொருத்தியது. பிறகு எஃப்-22, எஃப்-35 என்று வளர்ந்தது.

நம் நிலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்திய விமானப்படையின் முதுகெலும்பு சுகோய்-30 எம்கேஐ. தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 அன்று தொடங்கப்பட்ட 222-ஆம் படைப்பிரிவும் அதைத்தான் பறக்கவிடுகிறது. அதன் பார்ஸ் ரேடார் பெரியது, ஆற்றல் மிக்கது, ஆனால் இரண்டாம் வகை. ஏசா இருப்பது 36 ராஃபேல்களிலும், இஸ்ரேலிய ரேடார் பொருத்திப் புதுப்பிக்கப்பட்ட ஜாகுவார்களிலும்தான். சூலூரில் வளர்ந்த இரண்டு தேஜஸ் படைப்பிரிவுகளின் விமானங்களில் இருப்பது அசையும் தட்டு. சீனாவிலோ ஜே-10சி, ஜே-16, ஜே-20 என்று இன்று முன்வரிசையில் நிற்பவை எல்லாம் ஏசா. 2022 மார்ச் முதல் பாகிஸ்தானிடமும் ஜே-10சி இருக்கிறது; அதன் ஜேஎஃப்-17 விமானத்தின் மூன்றாம் பதிப்பிலும் சீன ஏசா வந்துவிட்டது. வகையைப் பொறுத்தவரை நாம் பின்தங்கியிருக்கிறோம். இதை மறைப்பது நாட்டுப்பற்று ஆகாது.

அப்படியானால் 2025 மே 7 இரவு நடந்தது சீன ரேடாரின் வெற்றி என்று சொல்லிவிடலாமா? எத்தனை விமானங்கள் வீழ்ந்தன என்பதில் இரு தரப்பும் இன்றுவரை முரண்படுகின்றன. இழப்பு நேர்ந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார்; எண்ணிக்கை சொல்லவில்லை. தவறு எங்கே என்று கண்டு, திருத்திக்கொண்டு, மீண்டும் பறந்து தாக்கினோம் என்றார். பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தியதாக விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் ஆகஸ்டில் பெங்களூரில் அறிவித்தார். அந்தப் பெரிய விமானம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், தரையிலிருந்து ஏவிய ஏவுகணைக்கு இரையானது என்பது அவர் கூற்று. பாகிஸ்தான் அதை மறுக்கிறது. எண்ணிக்கைச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு இரு தரப்பும் தங்கள் வெற்றியை எப்படி விளக்கின என்று கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். தன் போர் விமானங்கள், ஸ்வீடனில் வாங்கிய எரிஐ என்ற பறக்கும் ரேடார் விமானங்கள், தரை ரேடார்கள் ஆகியவை ஒரே படத்தைப் பகிர்ந்துகொண்டதே காரணம் என்று பாகிஸ்தான் விவரித்தது. இந்தியா தன் தரைரேடார்களையும் எஸ்-400 அமைப்பையும் ஒன்றிணைத்த வான்பாதுகாப்பு வலையைச் சுட்டியது. என் விமானத்தின் மூக்கில் இருந்த ரேடார் ஜெயித்தது என்று யாரும் சொல்லவில்லை. கண் ஒருவரிடமும் அம்பு மற்றொருவரிடமும் இருக்கலாம். இரண்டையும் இணைக்கும் கம்பியில்லாத் தொடர்பு அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம். 2019-ல் நமக்கு அறுந்தது அதுவே.

பறக்கும் ரேடார் என்றதும் வட தமிழ்நாட்டில் நடந்த ஒரு துயரத்தைப் பேசாமல் நகர முடியாது. 1999 ஜனவரி 11 அன்று, முதுகில் சுழலும் தட்டைச் சுமந்த ஹெச்எஸ்-748 விமானம் ஒன்று அரக்கோணம் கடற்படை விமானதளத்துக்கு அருகே விழுந்து நொறுங்கியது. அந்தத் தட்டு கழன்று போனதே காரணம். விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக அதில் இருந்த எட்டுப் பேரும் மாண்டார்கள். ஐராவதம் என்று பெயரிட்டிருந்த அந்தச் சோதனை முயற்சி அத்தோடு நின்றது. 2004-ல்தான் புதிய திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதிலிருந்து பிறந்த நேத்ரா விமானப்படைக்குக் கையளிக்கப்பட்டது 2017-ல். இடைப்பட்ட காலத்தில் மூன்று ஃபால்கன் பறக்கும் ரேடார் விமானங்களை வாங்கினோம். இவ்வளவு பெரிய நாட்டுக்கு அந்த மூன்றும் ஒரு சில நேத்ராவும் போதாது. பாகிஸ்தானிடம் நம்மைவிட அதிகமான பறக்கும் ரேடார்கள் இருப்பது வெளிப்படையான உண்மை. அரக்கோணத்தில் நாம் இழந்தவற்றில் ஈடு செய்யவே முடியாதது அந்த எட்டு உயிர்கள். அடுத்த பெரிய இழப்பு, விபத்துக்குப் பிறகு வீணாகப் போன ஆண்டுகள். சோதனைப் பறத்தலில் விபத்து நேரும். உலகில் எந்த விமானத் திட்டமும் இதற்கு விலக்கல்ல. ஒரு விபத்தோடு முழு முயற்சியையும் கைவிட்டது நாமே எடுத்த முடிவு.

இனி மென்பொருள். ஏசா ரேடார் கண்ணுக்குத் தெரியும் பொருளாக ஒரு தட்டு, சில பெட்டிகள், அவ்வளவுதான். எந்த நேரத்தில் எந்த அலகு எப்படிப் பேச வேண்டும், திரும்பி வரும் இரைச்சலில் எது பறவை, எது மலை, எது எதிரி என்பதையெல்லாம் தீர்மானிப்பது நிரல். ஆரணிப் பக்கத்து நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டாம். தறி ஒன்றுதான், ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டும் அட்டையை மாற்றினால் சேலையில் விழும் உருவம் மாறிவிடும். தறி சொந்தம், அட்டை இன்னொருவர் பூட்டிவைத்த அலமாரியில் என்றால் அந்தத் தறியில் தன் விருப்பப்படி ஒரு புட்டாகூடப் போட முடியாது. போர்க்களத்தில் நாள்தோறும் உருவம் மாறுகிறது. எதிரி நேற்று இரவு புதிய இடையூறு அலையைப் பயன்படுத்தினான் என்றால், நாளை காலைக்குள் நம் ரேடாருக்கு அதைக் கற்பிக்க வேண்டும். உற்பத்தி செய்த நாட்டுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க அவகாசம் இருக்காது.

இது கற்பனை அச்சம் என்று நினைப்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். எஃப்-35 திட்டத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த முதல்நிலைப் பங்காளி பிரிட்டன். பெரும் பணம் போட்ட நாடு. ஆனாலும் மென்பொருள் நுட்பத்தைத் தராவிட்டால் விமானமே வேண்டாம் என்று 2006-ல் அமெரிக்காவிடம் வாதிட வேண்டிய நிலை அதற்கு வந்தது. மூலநிரல் எந்தப் பங்காளிக்கும் கிடையாது என்று 2009-ல் அமெரிக்கத் தரப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. நெருங்கிய நட்பு நாட்டுக்கே இந்த நிலை. மறுபக்கம் நம் அனுபவத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1996-ல் சுகோய்-30 வாங்க ஒப்பந்தம் போட்டபோது, ரஷ்ய விமானத்துக்குள் இந்தியக் கணினிகளை வைப்போம் என்று நம் விஞ்ஞானிகள் பிடிவாதமாக நின்றார்கள். வெற்றிவேல் என்ற திட்டத்தின் கீழ், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகங்கள் அந்த விமானத்தின் முதன்மைக் கணினிகளையும் பார்ஸ் ரேடாருக்கான கணினிகளையும் உருவாக்கின. விளைவு என்ன? நம் அஸ்திரா ஏவுகணை முதலில் பொருத்தப்பட்டது சுகோயில். 2017 நவம்பரில் பிரம்மோஸை வானிலிருந்து ஏவியதும் சுகோயிலிருந்துதான். தஞ்சாவூர் படைப்பிரிவு இன்று அதைச் சுமக்கிறது. பழைய வகை ரேடார் கொண்ட ஒரு ரஷ்ய விமானம் நம் ஆயுதங்களோடு ஒத்துப்போனதற்கு, அதன் மூளையில் ஒரு பகுதி நம்முடையதாக இருந்தது பெரிய காரணம்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு; அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சொந்தமாகச் செய்கிறோம் என்று கிளம்பி எத்தனை ஆண்டுகளைத் தொலைத்தோம்? தேஜஸுக்கான ரேடார் பணி 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. சரியாக வராமல், கடைசியில் இஸ்ரேலின் எல்டா நிறுவனத்தின் துணையோடுதான் கரையேறியது. இப்போது வரவிருக்கும் தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களிலும் முதல் தொகுதிக்கு எல்டாவின் ஏசாதான். எல்லையில் எதிரி நிற்கும்போது ஆய்வகத்தின் வேகத்துக்குக் காத்திருக்க முடியுமா, இருப்பதில் சிறந்ததை வாங்கிப் போட்டுவிடலாமே என்று கேட்கிறார்கள். விமானியின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது. அவசரத்துக்கு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ராஃபேல் வாங்கியது சரி. ஆனால் வாங்குவதும் வேகமாக நடப்பதில்லை. 2024 ஆகஸ்டில் சூலூரில் நடந்த தரங் சக்தி கூட்டுப்பயிற்சிக்கு ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் டைஃபூன் விமானங்கள் வந்தன. நான்கு பணக்கார நாடுகள் சேர்ந்து செய்த விமானம் அது. அதற்கான ஏசா ரேடார் பல ஆண்டு இழுபறிக்குப் பின், செய்த நாடுகளுக்கு முன்பாகக் குவைத்துக்குத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. தாமதம் இந்திய ஆய்வகங்களின் தனி நோய் அல்ல. இந்தத் துறையின் இயல்பு. தாமதித்தாலும் கைவிடாதவர்கள் ஒருநாள் செய்து முடிக்கிறார்கள். பெங்களூரின் எல்ஆர்டிஇ ஆய்வகம் உருவாக்கிய உத்தம் ஏசா, தேஜஸ் சோதனை விமானங்களில் பறந்து பார்த்தாகிவிட்டது. 2025 செப்டம்பர் 25 அன்று 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்காக 62,370 கோடி ரூபாயில் போடப்பட்ட ஒப்பந்தத்தில் உத்தம் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மறுநாள் சண்டிகரில் மிக்-21 விடைபெற்றது. வாங்கிய காலத்தில் அதுவும் வாங்கக்கூடியவற்றில் சிறந்ததாகத்தான் இருந்தது.

இன்னொரு மறுப்பு, ரேடாரின் காலமே முடிந்துவிட்டது என்பது. ரேடாருக்குத் தப்பும் விமானங்களும், வெப்பத்தை வைத்து ஓசையின்றிக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்புக் கருவிகளும் வந்த பிறகு ஏசாவுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்கிறார்கள். அகச்சிவப்புக் கருவி பயனுள்ளது. ஆனால் மேகமும் ஈரமும் அதன் பார்வையை மறைக்கும். இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அது தனியாகத் துல்லியமாகச் சொல்வது கடினம். நூறு கிலோமீட்டர் பறக்க வேண்டிய ஏவுகணைக்கு வழியில் திசை திருத்தம் சொல்ல யாரோ ஒருவரின் ரேடார் வேண்டும். ரேடாருக்குத் தப்பும் விமானங்களைச் செய்யும் அமெரிக்காவும் சீனாவுமே அவற்றின் மூக்கில் மிகச் சிறந்த ஏசாவை வைக்கின்றன.

ரேடாரின் அளவும் பொருட்டல்ல என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுகோய், ஜே-20 போன்ற பெரிய விமானங்களின் அகன்ற மூக்கு அதிக அலகுகளைத் தாங்கும். தேஜஸின் சிறிய மூக்கில் அது முடியாது. இதை எந்த நிரலாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. சிறிய மூக்கில் அதிக ஆற்றலைப் பெற ஒரு வழி உண்டு. அலகுகளைக் கேலியம் ஆர்சனைடுக்குப் பதிலாகக் கேலியம் நைட்ரைடில் செய்வது. அதே பரப்பில் பல மடங்கு ஆற்றலைக் கக்கும், அதிக வெப்பத்தையும் தாங்கும். சுகோய்களைப் புதுப்பிப்பதற்காக டிஆர்டிஓ திட்டமிடும் விரூபாக்ஷா ரேடாரும் இந்த வகையே. இதற்கு வேண்டிய சிலிகான் கார்பைடு தகடுகளையும் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும் உள்நாட்டிலேயே செய்யும் முறையைத் தன் ஆய்வகம் உருவாக்கிவிட்டதாக டிஆர்டிஓ 2024-ல் அறிவித்தது. இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது: கேலியம் எங்கிருந்து வரும்?

உலகின் முதல்நிலைக் கேலியம் உற்பத்தியில் 98 விழுக்காடு அளவுக்குச் சீனாவில் நடக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் அதன் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடை செய்தது. 2025 நவம்பரில் அந்தத் தடையை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. நிறுத்திவைப்பதும் மீண்டும் விதிப்பதும் அவர்கள் விருப்பம். ஆக, நம் எல்லையில் நிற்கும் நாட்டிடமே நம் ரேடாருக்கான மூலப்பொருளைக் கேட்டு நிற்கும் நிலை வரலாம். இது புவியியல் விதித்த விதி அல்ல. கேலியம் தனிச் சுரங்கத்தில் கிடைப்பதில்லை. பாக்சைட்டை அலுமினாவாக்கும்போது கரைசலில் சிறிதளவு கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுப்பதா, கழிவோடு போகவிடுவதா என்பது ஆலையின் முடிவு. பாக்சைட்டும் அலுமினா ஆலைகளும் இந்தியாவில் தாராளமாக உண்டு. சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் எடுத்த மேட்டூர் மால்கோவும், உத்தரப்பிரதேசத்தில் ரேணுகூட்டில் உள்ள ஹிண்டால்கோவும் ஒரு காலத்தில் கேலியத்தைப் பிரித்தெடுத்திருக்கின்றன. பிறகு கைவிட்டார்கள். மேட்டூரில் அலுமினா உற்பத்தியே 2008 இறுதியில் நின்றுபோனது. அன்றைய வணிகக் கணக்கில் கேலியம் ஒரு துணுக்கு. உலகம் முழுவதற்குமான ஓராண்டு உற்பத்தியே ஆயிரம் டன்னைத் தொடுவதில்லை. அலுமினிய ஆலையின் லாபநட்டக் கணக்கில் அது என்றைக்கும் பெரிய வரியாக இருக்கப்போவதில்லை. அதனால்தான் அந்தக் கணக்கிலேயே அதை விட்டுவைக்கக் கூடாது என்கிறேன். 97 விமானங்களுக்கு 62,370 கோடி ஒதுக்கும் பாதுகாப்பு அமைச்சகம், ஒடிசாவின் தாமன்ஜோடி போன்ற இடங்களில் இயங்கும் அலுமினா ஆலைகளில் கேலியம் பிரிக்கும் பகுதிகளை அமைக்கும் செலவையும் அந்த ரேடார்களின் விலையில் ஒரு பங்காக ஏற்க வேண்டும். சந்தை விலை எவ்வளவு சரிந்தாலும் குறிப்பிட்ட அளவை ஆண்டுதோறும் வாங்கிச் சேமிப்போம் என்று எழுத்தில் உறுதி கொடுத்தால்தான் எந்த ஆலையும் இதில் இறங்கும்.